முகம் உள்ளே பார்க்க வேண்டும்

இன்று காலைத் தபாலில் ஒரு சபாவின் ஆண்டு மலர் வந்தது. பிரித்தேன். இடப்பக்கத்தில் ஒரு பாடகர், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் வயலின்காரர் அந்தப் பக்க ஓரம் வழியாக வெளியே பார்க்கிறார். பேச்சுவார்த்தை நின்றுபோன சம்பந்திகள் மாதிரி இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு வந்த எரிச்சலில் காப்பி ஆறிப்போனது. வீட்டில் காட்டினால், படம் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார்கள். இந்த எரிச்சலை எனக்கு ஒட்டவைத்துவிட்டுப் போன ஆள் நீதான். அதனால் உனக்கே எழுதுகிறேன்.

நீ தல்லாகுளத்தில் குமாஸ்தா. நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் வாத்தியார். எழுபதுகளின் கடைசியில் உன் வீட்டு முன்னறையில் ஓர் இசைப் பத்திரிகை ஆரம்பித்தாய். மாதம் ஒன்று, முப்பத்திரண்டு பக்கம். நீ ஆசிரியர், நான் டம்மி போடுகிறவன். அச்சகத்திலிருந்து வரும் நீளநீளமான புரூஃப் தாள்களைக் கத்தரித்துப் பக்க அளவுத் தாளில் பசை தடவி ஒட்ட வேண்டும். எந்தப் படம் எங்கே வரும், தலைப்பு எவ்வளவு பெரிது என்று அச்சகத்துக்குக் காட்டுவதற்குத்தான் அந்த டம்மி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே போகும். கூலி உன் வீட்டுக் காப்பியும் உன் வசவும்.

எத்தனை விதி வைத்திருந்தாய் நீ! பாடகர் படம் மேலே, வயலின் அதற்குக் கீழே, மிருதங்கம் அதற்கும் கீழே. கடத்துக்குப் படம் இருந்தால் தபால்தலை அளவு. அட்டை பாடகர்களுக்கு மட்டும், பக்கவாத்தியத்துக்குக் கிடையாது. இரங்கல் செய்திக்கு எதிரே ஜவுளிக்கடை விளம்பரம் வரக்கூடாது. ராகத்தின் பெயர் தடித்த எழுத்தில், தாளம் மெலிந்த எழுத்தில். எல்லாவற்றுக்கும் மேலே உன் பெரிய விதி, படத்தில் இருக்கிறவரின் முகம் பக்கத்தின் உள்ளே பார்க்க வேண்டும். "வெளிய பாத்தா வாசகனும் வெளிய போயிருவான் மாப்ள" என்பாய். வாசகன் எங்கேயும் போகவில்லை, அவன் முதலில் வந்தால்தானே போவதற்கு என்று ஒருநாள் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை நீ.

ஸ்வரப் பக்கம் வந்தால் கேட்கவே வேண்டாம். ஸ்வர வரிக்குக் கீழே சாகித்தியம் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். மேல் ஸ்தாயி ஸ்வரத்துக்குத் தலையில் புள்ளி வேண்டும். அச்சகத்தில் அந்தப் புள்ளி எழுத்து பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு தூசி விழுந்தாலும் ராகமே மாறிவிடும் என்று என் தலைக்கு மேலே நின்று கத்துவாய். ஒருமுறை ஈ உட்கார்ந்த இடத்தை மேல் ஸ்தாயி என்று நினைத்து நீயே பாடிப் பார்த்தாய். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். விட முடியாதது அந்த வில்லாபுரத்து மிருதங்கக்காரர் விஷயம்.

அவரைப் பற்றி நாகமலை புதுக்கோட்டையிலிருந்து ஒரு பேராசிரியர் நாலு பக்கக் கட்டுரை அனுப்பியிருந்தார். அவ்வளவு நல்ல கை என்று ரேடியோவில் கேட்டுக் கேட்டு நீயும் உருகியிருக்கிறாய். ஆனால் நேரில் அவர் கச்சேரியை நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. மேடையில் அவருக்கு வாய்ப்பு குறைவு. ஏன் குறைவு என்று கட்டுரையில் ஒரு வரி இல்லை. கட்டுரையோடு அவர் வீட்டில் எடுத்த படம் ஒன்று இருந்தது.

படத்தைப் பார்த்ததும் உனக்கு மூக்கு வியர்த்தது. இடப்பக்கத்தில் வரவேண்டிய படத்தில் ஆள் வெளியே பார்க்கிறார். வலக்கை வாசிக்க வேண்டிய வலந்தலையை இடக்கை வாசிக்கிறது. ஸ்டூடியோக்காரன் நெகட்டிவை மாற்றி வைத்துப் பிரிண்ட் போட்டுவிட்டான் என்று நீயே தீர்ப்புச் சொன்னாய். படத்தைத் திருப்பி வைத்து அச்சுக்கான பிளாக் எடுக்கச் சொல்லிவிட்டாய். பிளாக் வந்தது, புரூஃப் வந்தது. முகம் உள்ளே பார்த்தது, வலக்கை வாசித்தது. உனக்குப் பரம திருப்தி.

எனக்கு ஒன்று உறுத்தியது. அவருடைய சட்டைப் பை வலப்பக்கம் இருந்தது. எந்தத் தையல்காரர் வலப்பக்கம் பை வைக்கிறார்? சொன்னேன். "பையப் பாத்தா வாசிக்காரு? கையப் பாரு மாப்ள" என்றாய். பேராசிரியருக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்கலாம் என்றேன். அச்சகத்தில் மெஷின் காத்துக்கொண்டிருக்கிறது, டிராயிங் வாத்தியாருக்கு மிருதங்கத்தைப் பற்றி என்ன தெரியும் என்று ஆரம்பித்தாய். அன்று காலையிலிருந்து உன்னோடு ஏழு சண்டை போட்டிருந்தேன். எட்டாவதுக்குத் தெம்பு இல்லை. 'அச்சுக்கு விடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இதழ் வெளிவந்த நாலாம் நாள் பேராசிரியர் உன் ஆபீஸுக்கே வந்து சத்தம் போட்டார். அந்த மனிதருக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கமாம். வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும் என்பதால், அவர் வாசித்தால் மிருதங்கம் பாடகரின் இடப்பக்கம் உட்கார வேண்டும், வயலின்காரர் எழுந்து மறுபக்கம் போக வேண்டும். எந்த வயலின்காரர் போவார்? அதனால் சபாக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். இடம் பார்க்காத ரேடியோதான் அவருக்குச் சோறு போட்டது. கையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதீர்கள், வாசிப்பைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்று அவரே பேராசிரியரிடம் கேட்டுக்கொண்டாராம். அவரைப் பற்றி அச்சில் வந்த முதல் கட்டுரை அது.

நீயும் நானும் வில்லாபுரத்துக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் நீ பஸ் போர்டில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியில்லை என்று புலம்பிக்கொண்டு வந்தாய். கழுத்தை நெரித்துவிடலாம் போலிருந்தது எனக்கு. அவர் வீட்டில் கட்டிலின் மேல் நம் இதழ் பத்துப் பிரதி அடுக்கியிருந்தது, சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வாங்கியது. கொடுத்த இரண்டு வீட்டிலும், கடைசியில் சோத்துக்கைக்கு மாறிவிட்டாரா என்று கேட்டுச் சிரித்தார்களாம். அவர் மனைவி அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மிருதங்கக்காரர் நம்மை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"சின்னதுல எங்க அப்பா குச்சியால அடிச்சாரு, மாத்தல. சபாக்காரங்க எடமில்லன்னாங்க, அப்பவும் மாத்தல. நீங்க ஒரு புஸ்தகத்துல மாத்திப்புட்டீங்க."

நீ ஸ்டூடியோ, நெகட்டிவ் என்று விளக்க ஆரம்பித்தாய். உன் தொடையில் கிள்ளினேன். மன்னிப்பு என்கிற வார்த்தை கடைசிவரை உன் வாயில் வரவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாத டம்மிக்கு வந்தபோது அட்டைக்கு அந்தப் படத்தை எடுத்து நீட்டினாய். இந்தமுறை திருப்பாமல், நேராக. பக்கவாத்தியத்துக்கு அட்டை கிடையாது என்ற விதி என்னாயிற்று என்று கேட்டேன். "பேசாம ஒட்டு மாப்ள" என்றாய். கீழே அவர் பெயர் மட்டும். திருத்தம் இல்லை, வருந்துகிறோம் இல்லை. ஒரு வரியாவது போடு என்று கெஞ்சினேன். அட்டையில் திருத்தம் போடுகிற வழக்கம் எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்றாய்.

அதற்குப் பலன், அட்டைப் படம் இடம் வலமாக மாறிவிட்டது, ஆசிரியர் கவனிக்க வேண்டாமா என்று வாசகர்களிடமிருந்து கடிதமாக வந்து குவிந்தது. தப்பாகப் போட்டபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. அத்தனை பேருக்கும் ஆபீஸ் நேரத்தில் உட்கார்ந்து கார்டு எழுதினாய். நாகமலை புதுக்கோட்டையில் இன்ன தேதியில் அவர் கச்சேரி, நேரில் வந்து பார்க்கவும். கச்சேரி ஏற்பாடு பேராசிரியருடையது. இடம் மாறி உட்காரச் சம்மதித்த வயலின்காரரைத் தேடிப் பிடித்தது நீ. எந்தக் கை என்று பார்க்க வந்த கூட்டமே பாதி. தனி ஆவர்த்தனம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அந்தக் கூட்டம் கையைப் பார்ப்பதை மறந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய்.

கச்சேரி முடிந்து, மேடைத் துணியில் பெயர் கோணலாக இருக்கிறது என்று நீ யாரிடமோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், மிருதங்கத்துக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, நீ தனியாக இன்னொரு முறை வில்லாபுரம் போயிருக்கிறாய். எனக்குச் சொல்லவே இல்லை. என் கூட்டாளி அன்னைக்கே சட்டைப் பையைக் காட்டிச் சொன்னான், நான்தான் கேட்கவில்லை, தப்பு அம்புட்டும் என்னோடது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாய். என்னை நல்லவனாக்கிவிட்டதாக உனக்கு நினைப்பு.

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டார்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் விட்டீங்க?"

களைப்பாக இருந்தது என்று சொல்ல முடியுமா? உன்னோடு கத்திக் கத்தி அலுத்துவிட்டது என்று அவரிடம் சொல்ல முடியுமா? அவர் உறையின் நாடாவை முடிந்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன் என்று கிளம்பினார்.

இதை உன்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. நீ கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சொல்லலாம் என்று வந்தேன். அங்கேயும் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் தேதியும் படமும் ஒட்டாமல் நிற்கிறது என்று ஆரம்பித்துவிட்டாய். இத்தனை வருஷமாக எல்லாத் தப்பையும் உன் தலையில் போட்டு உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன், மாப்ள. நீ உன்னுடையதை வில்லாபுரத்தில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிட்டாய். அவர் என்னைக் கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.