கடத்த அனுமதி பெற்றோர்

9-2-1976, திங்கள்

பின்மலை டிவிஷன் இரண்டு மூட்டை உரம் கேட்டது. ஆறு மூட்டை போய்ச் சேர்ந்திருக்கிறது. இதில் யாரும் தப்பே செய்யவில்லை, அதுதான் அழகு. பின்மலை சொன்னதை மேட்டு டிஸ்பென்சரி கேட்டு ஸ்டோருக்குச் சொன்னது. மேடு சொன்னதைக் கேட்டு ஆபீஸ் செட்டிலிருந்து நானும் சொன்னேன். யாருக்கும் கேட்டிருக்காதே பாவம் என்று மேடு இன்னொரு தரம் சொன்னது. ஸ்டோரில் மூன்றையும் மூன்று ஆர்டராக எடுத்துக்கொண்டு லாரியில் ஏற்றிவிட்டார்கள். இந்த ஏலக்காய் எஸ்டேட் முழுவதுக்கும் நாலே நாலு வயர்லெஸ் செட்: ஆபீஸ், ஸ்டோர், மேடு, பின்மலை. நாலும் அடுத்தவருக்கு உதவி செய்தே தீருவேன் என்று நிற்கின்றன.

மேனேஜர் கூப்பிட்டார். செட்டுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தால் ஈஸ்டருக்குள் என் வேலையை நிரந்தரமாக்கி, குவார்ட்டர்ஸும் தருகிறாராம். இரண்டு அறை, தனி அடுப்படி!

கல்யாணமாகி மூன்று வருடம். இன்பமேரி மேட்டு டிஸ்பென்சரியில் நர்ஸ். அங்கே மருத்துவச்சியோடு ஒரே அறை. நான் கீழே ஆபீஸ் பையன்களோடு. ஞாயிறு பூசைக்குப் பிறகு அரை நாள் குடும்பம் நடத்துகிறோம். மற்ற நாளெல்லாம் அவள் எனக்கு இரைச்சலுக்கு நடுவே ஒரு குரல். எப்படியாவது இந்த வீட்டை வாங்கிவிட வேண்டும்.

12-2, வியாழன்

மேனேஜரின் செய்தி: பின்மலைக்கு நாளைக் காலை ஜீப் வரும். அவ்வளவுதான். மேரி அதைப் பின்மலைக்குச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், "அப்புறம் ஆபீஸ்ல யாராவது கேட்டா, எங்க வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி, மிளகு ரசம் வச்சுக் குடுங்க" என்றாள். நாலு செட்டிலும் கேட்டது. மேனேஜர் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். மத்தியானம் பியூன் ஒரு பொட்டலம் மிளகை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான்.

இவளை வைத்துக்கொண்டு நான் எப்படி நிரந்தரமாவது?

16-2, திங்கள்

உத்தரவு தயார். இனி எல்லாரும் எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லக் கூடாது. ஆபீஸ், ஸ்டோர் இரண்டு மட்டுமே பிறர் செய்தியை அடுத்த இடத்துக்குக் கொடுக்கலாம். மற்ற இரண்டும் தங்கள் சொந்தச் செய்தியைப் பேசலாம், தங்களுக்கு வந்ததைக் கேட்கலாம். ஏரியலை மலை இடுக்குப் பக்கம் திருப்பினால் ஸ்டோருக்குப் பின்மலை கேட்கும். ஆகவே மேடு தேவையில்லை.

மேனேஜர் இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டார். தமிழில் எழுத வேண்டியது நான். 'ரிலே' என்பதற்கு என்ன எழுதுவது? வானொலியில் 'அஞ்சல்' என்பார்கள். நம் ஆட்கள் தபால்காரர் வருகிறார் என்று நினைப்பார்கள். கடைசியில் பள்ளிக்கூடப் பாடம் கைகொடுத்தது. செம்பு மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே:

கடத்த அனுமதி பெற்றோர்
1. சுவக்கீன், ஆபீஸ் (தலைமைக் கடத்துநர்)
2. சூசையப்பன், ஸ்டோர்
மற்றவர்கள் கடத்தினால் கடும் நடவடிக்கை.

நாலு பிரதி எடுத்து ஒட்டியாயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் அரசாங்கக் களை.

22-2, ஞாயிறு

பூசை முடிந்து மேரி முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆலமரத்தடிக்கு வந்ததும் ஆரம்பித்தாள்.

"எங்கண்ணன் கடத்தலாம். நான் கடத்தக் கூடாது."

ஸ்டோர் சூசையப்பன் அவளுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அது என் தப்பா?

"உத்தரவு மேனேஜரோடது மேரி."

"பேரு எழுதுனது யாரு?"

எல்லாம் அந்த வீட்டுக்காகத்தான் என்றேன்.

"அந்த வீட்டுக்குள்ள நான் பேசலாமா? இல்ல, அதுக்கும் ஒரு நோட்டீஸ் ஒட்டுவீகளா?"

அரை நாள் குடும்பம் கால் நாளில் முடிந்தது.

2-3, செவ்வாய்

இரண்டு மூட்டை கேட்டார்கள். இரண்டு மூட்டை போயிற்று. மேனேஜர் முதுகில் தட்டினார்.

10-3, புதன்

சூசையப்பன் மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை. நேற்று எல்லையில் கம்பம்மெட்டு டீக்கடையில், ஏலக்காய் லாரிகளைச் சோதிக்கிற செக்போஸ்ட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, "எங்க எஸ்டேட்ல கடத்துறதுக்குப் பர்மிசன் உள்ளது ரெண்டே பேருக்குத்தான். எங்க மாப்ளே, அடுத்து நானு" என்று சொன்னாராம். அவரே வந்து என்னிடம் சொல்கிறார். கடையில் எல்லாரும் மரியாதையாக எழுந்து இடம் விட்டார்களாம்.

12-3, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்குப் போலீஸ் ஜீப். பின்சீட்டில் சூசையப்பன் மச்சான், ஸ்டோர் சாவி இடுப்பில் தொங்க, முகம் சுண்டிப்போய். சப் இன்ஸ்பெக்டர் மலையாளி. கையில் என்னுடைய நோட்டீஸ், கிழித்தெடுத்தது. கூட வந்த தமிழ்க் கான்ஸ்டபிள் அதை ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். மொழிபெயர்த்துச் சொல்லவே தேவைப்படவில்லை. கடத்து என்றால் மலையாளத்திலும் கடத்துதான்.

"இது எழுதியதாரா?"

நான்தான் சார் என்றேன். தலைமைக் கடத்துநர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதே, எப்படி மறுப்பது? ஏலக்காய் இல்லை சார், செய்தி சார், செம்பு எப்படிக் கடத்துகிறதோ அப்படி—

"செம்பும் கடத்துன்னுண்டோ?" என்றார் சப் இன்ஸ்பெக்டர். கான்ஸ்டபிள் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த அவசர நிலைக் காலத்தில் கடத்தல்காரன் என்று உள்ளே போனவனுக்குக் கேள்வி முறை கிடையாது. எப்போது வெளியே வருவான் என்று யாருக்கும் தெரியாது. வீடாவது, நிரந்தரமாவது! ஆளே இருக்க மாட்டேன்.

மேனேஜர் பின்மலையில். அவரை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு விளக்கம் சொல்லச் சொன்னால் விடுகிறேன் என்றார் சப் இன்ஸ்பெக்டர். நியாயமான மனிதர். ஆனால் ஆபீஸிலிருந்து பின்மலை நேரே எட்டாது. ஸ்டோர் பூட்டியிருக்கிறது, கடத்த வேண்டியவர் ஜீப்பில் உட்கார்ந்திருக்கிறார். மிச்சம் மேடு.

மைக்கை எடுத்தேன். "மேரி, அவசரம். பின்மலையில மேனேஜருக்கு ஒரு செய்தி கடத்தணும்."

பதில் கணீரென்று வந்தது. "மன்னிக்கணும். இந்த செட்டுக்குக் கடத்த அனுமதி இல்ல. மீறினா கடும் நடவடிக்கைன்னு செவுத்துல ஒட்டியிருக்கு."

சப் இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். "ஆ ஸ்த்ரீக்கு மாத்ரம் மரியாதையுண்டு." அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் ஒழுங்கு தெரிகிறதாம்.

"மேரி, நான் சொல்றேன், கடத்து!"

"எழுத்துல வேணும்."

கான்ஸ்டபிள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல பெண்பிள்ளையைக் கெடுக்கப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார். யார் கேட்டால் என்ன? சொல்லிவிட்டேன். "மேரி, போலீஸ் வந்திருக்கு. என்னையக் கூட்டிட்டுப் போறாங்க. எனக்குப் பயமா இருக்கு."

பிறகு அவள் பேசினாள், என்னிடம் இல்லை. பின்மலையைக் கூப்பிட்டாள்.

நான் எழுதி வைத்திருந்த செய்தி ஒரு வரி. அவள் சொன்னது ஒரு பக்கம். "சார், எங்க வீட்டுக்காரரு தமிழ்ல பெரிய வார்த்தை போடுறேன்னு கடத்தல்னு எழுதிப் போலீஸ்ல மாட்டிக்கிட்டாரு. அவரு ஒரு ஏலக்காய அனுமதியில்லாம வாயில போட்டதில்ல. ராத்திரி லாந்தர் இல்லாம வெளிய போக மாட்டாரு, அவரு எங்க சார் கடத்துறது? எங்கண்ணன் டீக்கடையில வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்க மாட்டான். ரெண்டும் முட்டாளு சார், ஆனா திருடங்க இல்ல." அங்கே மேனேஜர் சொன்ன பதிலை எங்களுக்கு மலையாளத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கொடுத்தாள். அதில் எது மேனேஜர் சொன்னது, எது அவளே போட்டது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

சப் இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் தொப்பி விழுந்தது. டீ குடித்தார். நோட்டீஸை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், வீட்டில் காட்டவாம்.

அவர்கள் போன பிறகு வராந்தாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

15-3, திங்கள்

மேனேஜர் புது உத்தரவு எழுதினார், இந்தத் தடவை அவரே தமிழில். எல்லாருக்கும் எட்டுகிற இடம் மேடு ஒன்றுதான். ஆகவே செய்தியைக் கைமாற்றித் தரும் பொறுப்பு மேட்டு செட்டுக்கு மட்டும். மற்ற மூன்றும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியது. பொறுப்புக்கு ஏற்ற நிரந்தர வேலையும் குவார்ட்டர்ஸும் இன்பமேரிக்கு.

"தனிக்கு விஷமம் இல்லல்லோ?" என்று என்னிடம் மலையாளத்தில் கேட்டார், வருத்தமில்லையே என்று. என்ன சொல்வது? தற்காலிக ஊழியனுக்கு வருத்தமும் தற்காலிகம்தான் சார் என்று சொல்ல வாயெடுத்து, இல்லை என்றேன்.

21-4, புதன்

ஈஸ்டர் முடிந்து மேட்டுக்குக் குடிவந்து மூன்று நாள். இரண்டு அறை, தனி அடுப்படி. எனக்குத் தினமும் ஆபீசுக்கு ஒரு மலை இறக்கம், ஒரு மலை ஏற்றம். அவளுக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் செட். "வீட்டோட மாப்பிள்ளையாயிட்டீக மாப்ளே" என்கிறார் மச்சான். ஆமாம் என்றேன். சொல்லிப் பார்த்தால் அப்படியொன்றும் கசக்கவில்லை.

மேரி பகலெல்லாம் எஸ்டேட் பேச்சைப் பேசுகிறாள், விளக்கு வைத்ததும் எங்கள் பேச்சு. செட்டில் பேசும்போது முடித்ததும் 'ஓவர்' என்பாள். பிறகு நான் பேசலாம். வீட்டில் அந்த வார்த்தையே வரக் காணோம். மூன்று நாளாக என் முறைக்குக் காத்திருக்கிறேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.