வெளுத்த வலைகள்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இட்லி மாவு புளித்துப் போயிற்று. குணா சர்க்கரை தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமையும் மகனுக்கு வேலை.

பத்து மணிக்கு வேல்விழி ஆட்டோவில் கொசுவலைப் பண்டலோடு வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். மலேரியாவில் ஏழைபாழைகள் சாகக்கூடாது என்று வேலை செய்கிற ஓர் அறக்கட்டளையில் இருக்கிறாள். அவர்களைக் கூப்பிட்டது நான்தான். போன மழைக்காலத்தில் எதிர் லைனில் குடியிருந்த பீகார் டெய்லர் ஒருவர், இருபத்திரண்டே வயது, ஐந்து நாள் காய்ச்சலில் போய்விட்டார். நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் லைன் வீட்டில் பதினாலு ரூம். பாதிக்கு மேல் ஒடிசாக்காரர்கள். என் வாசலில் அப்படி ஒரு பிணவண்டி வந்து நிற்கக்கூடாது.

ரூமுக்கு இரண்டு வலை. "பிரிக்காம வைங்க ஆச்சி. வெள்ளிக்கிழமை வந்து, எப்படி வச்சுக்கணும்னு நானே சொல்லித் தாரேன்" என்றாள். சரி கண்ணு என்றேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிரித்துவிட்டேன். ஒன்றை மட்டும் பார்ப்போம் என்றுதான் பிரித்தேன். பூச்சிமருந்து நாற்றம். கவரில் இங்கிலீசும் இந்தியும், ஏதோ படங்களும். ஐந்தாவதோடு நின்றவளுக்கு அதெல்லாம் எதற்கு என்று தள்ளி வைத்தேன்.

இதைப் போய் மனுசருக்குக் கொடுப்பதா? நாங்கள் சலவைப்பட்டறை வைத்திருந்த குடும்பம். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், நான் பார்த்துச் சரி என்று சொல்லாத துணி தொட்டியை விட்டு ஏறாது. நான் கை வைத்த துணியை ஒரு கம்பெனிக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை.

பெரிய அண்டாவில் சலவைச் சோடாவும் பிளீச்சிங் பவுடரும் போட்டு எல்லா வலையையும் கொதிக்கவைத்தேன். நான்கு நடை. பிறகு இரண்டு அலசல். மொட்டை மாடியில் நாள் முழுக்க நல்ல வெயில். சாயங்காலம் முகர்ந்து பார்த்தேன், நாற்றம் துளி இல்லை. இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் மனசுக்கு நிறைவு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு நாள், எல்லோரும் ரூமில் இருந்தார்கள். வேல்விழிக்கு வேறு பக்கம் வேலையாம், அடுத்த வாரம் வருகிறேன் என்று போன் செய்தாள். நானே கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் நம்பர் மினத்திக்கு வயிற்றில் ஆறு மாதம். ஒடிசாப் பெண், கம்பெனியில் துணி செக்கிங் வேலை. மூன்று வருடத்தில் நம்மைப்போலவே பேசுகிறாள். வலையை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். "எங்கூர்ல சர்க்கார் குடுக்கற வலை மருந்து வாசம் அடிக்குமுங்கம்மா. இதுல ஒண்ணுமே இல்லீங்களே."

"நான் வெளுத்துக் குடுத்தது சாமி. வாசம் எப்படி இருக்கும்?"

சிரித்தாள். ஏதோ சொல்ல வந்தாற்போல இருந்தது. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வேல்விழி வந்தாள். ஒரு ரூமில் வலையை முகர்ந்தாள். அடுத்த ரூமில் போய் முகர்ந்தாள். "மருந்தே இல்லியே ஆச்சி" என்றாள்.

அந்த நாற்றம்தான் மருந்தாம். நூலிலேயே ஏற்றி அனுப்புகிறார்களாம். வலையில் வந்து உட்கார்கிற கொசு செத்துப்போகுமாம். மருந்து இல்லாவிட்டால், தூக்கத்தில் கை வலையில் ஒட்டினால் போதும், வெளியே இருந்தபடியே கடித்துவிடும். எப்போதாவது பச்சைத்தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட்டால் வருடக்கணக்கில் நிற்கும். கொதிக்கவைக்கக்கூடாது, பிளீச்சிங் கூடாது, வெயில் கூடாது.

மூன்றையும் செய்திருக்கிறேன்.

"பண்டலே மட்டமா வந்திருக்கும்போல. ஆபீஸ்ல சொல்லுதேன்" என்றாள். நான் தலையாட்டினேன்.

ஏன் தலையாட்டினேன்?

ஆகஸ்ட் 30, சனி

அதே லோடில் வந்த முந்நூறு வலையை யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டார்களாம். சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வந்த பிறகுதான் கொடுப்பார்களாம். எதிர் லைனுக்கும் இல்லை.

வேல்விழிக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். குணா எதிரில் உட்கார்ந்திருந்தான். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

மழை. மூன்று நாளாக விடவில்லை. இன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

மினத்திக்கு முந்தாநேத்திருந்து காய்ச்சல். மூணு போர்வை போத்தியும் நடுங்குறா. ரத்தம் எடுத்துப் பாத்தாங்க — மலேரியா. பெரியாஸ்பத்திரில சேத்தியாச்சு. வயித்துல ஏழு மாசம். புருசங்காரன் ஆஸ்பத்திரிப் படில உக்காந்துட்டு என்னையப் பாத்து அம்மா அம்மாங்கறான். நான் என்னத்தச் சொல்ல? என்னாலதானா? வேற எங்கியாச்சும் கடிச்சிருக்குமா? ஒண்ணும் தெரியலியே. ரெண்டு உசுரு.

நாளைக்குச் சொல்லிப்போடோணும்.

செப்டம்பர் 10, புதன்

சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி நடையில் வேல்விழியை நிறுத்தி, அண்டாவில் ஆரம்பித்து மொட்டை மாடி வரைக்கும் சொன்னேன்.

முடித்த பிறகு, "அந்தப் பண்டலைக் கொண்டாந்த டிரைவர்ட்ட இன்னைக்குக் காலையிலகூட சண்டை போட்டேன் ஆச்சி. பாவம் அவரு" என்றாள். என்னைத் திட்டவில்லை. அங்கேயே நின்று ஆபீசுக்குப் போன் செய்தாள். "லோடு நல்ல லோடுதான். தப்பு இங்க. முந்நூறையும் இன்னைக்கே குடுக்க ஆரம்பிங்க."

என்னால்தான் வந்ததா என்று கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாது. வாசல்ல உக்காந்திருந்தப்பவும் கடிச்சிருக்கலாம்" என்றாள். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "ஆனா பதினெட்டு நாளு வலை நின்னு போச்சு, அது உங்களால" என்றாள்.

ஆமாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறதாம். கஞ்சி கொண்டுபோனேன். கட்டிலோரம் உட்கார்ந்து மினத்தியிடமும் சொன்னேன்.

"தெரியுமுங்கம்மா. வாசம் போனா வலை போச்சுன்னு எங்கூர்ல கொழந்தைக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் சாமி அன்னைக்கே சொல்லல?"

"ஊட்டுக்காரம்மாகிட்ட எப்படிங்க சொல்றது? ரூமைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டீங்கன்னா?"

நான் யாரையும் அப்படிச் சொன்னதில்லை என்று வாய் வரைக்கும் வந்தது. போன வருடம் குழாயடிச் சண்டையில் ஐந்தாம் நம்பர்க்காரியைச் சொன்னேன். அவள் அழுதுகொண்டே சாமான் கட்டினாள். மினத்தி அப்போது வாசலில் நின்றிருக்க வேண்டும்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நம் லைனுக்குப் புது வலை வந்துவிட்டது. எதிர் லைனில் கொடுக்கும்போது நான் வந்து பேசட்டுமா என்று வேல்விழியைக் கேட்டேன். குணாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏனுங்கம்மா, ஊரைக் கூட்டிச் சொல்லோணுமா? நம்ம பேர் என்னாகும்?" என்றான். பேரை வெளுத்துக்கொள்ளத்தான் போகிறேன் என்றேன். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாற்பது பெண்கள் இருந்தார்கள். நின்றுகொண்டே சொன்னேன். உசிலம்பட்டியிலிருந்து வந்து அங்கே குடியிருக்கும் ஒச்சம்மாள் விடவில்லை. "அப்ப, கொசு வந்து படுக்க வெள்ளை வேட்டி விரிச்சுக் குடுத்திருக்கீக ஆத்தா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், பச்சைத்தண்ணீர், நிழல் என்று அவர்களே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

நவம்பர் 11, செவ்வாய்

மினத்திக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். வயிற்றில் இருக்கும்போது மலேரியா வந்தால் குழந்தை இளைத்துப் பிறப்பது உண்டு என்று நர்ஸ் சொன்னாள். நன்றாக அழுகிறது.

நவம்பர் 26, புதன்

சாயங்காலம் ஒன்பதாம் நம்பருக்குப் போனேன். மினத்தி குழந்தையோடு வலைக்குள் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்க்கலாம் என்று வலையைத் தூக்கிப் பிடித்தபடி குனிந்து நின்றேன்.

"தூக்கிப் புடிக்காதீங்கம்மா, கொசு வந்துரும். வர்றதுன்னா சட்டுனு உள்ள வாங்க, இல்லீன்னா வெளிய நில்லுங்க."

சட்டென்று உள்ளே போனேன். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.