லில்லிக் கிழங்குக்குக் கம்பி வலை

ஏற்காடு,
ஞாயிறு.

என் வீட்டுக்காரருக்குத் தனக்கொடி வணக்கத்துடன் எழுதுவது. காலில் கட்டுப் பிரித்துவிட்டார்களா? வலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? நான் சுகம். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் கடிதம்.

இங்கே பங்களாத் தோட்டத்தில் கோடை விழாவுக்காக லில்லிக் கிழங்கு நட்டோம். மறுநாளே முள்ளம்பன்றிகள் பாதியைத் தோண்டித் தின்றுவிட்டன. முதலாளி போட்ட சத்தத்தில் அன்றைக்கே சேலத்திலிருந்து கம்பி வலை வந்து இறங்கியது. பாத்தி முழுக்க விரித்து, ஓரத்தை மண்ணில் புதைத்தேன். விரலெல்லாம் கீறல்.

மிஞ்சிய துண்டை என் அறையின் உடைந்த ஜன்னலில் அடித்துக்கொண்டேன். போன வாரம் யாரோ அதன் வழியாகக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தடவினார்கள். குரங்காகத்தான் இருக்கும், கவலைப்படாதீர்கள்.

மேஸ்திரி பொன்னுவேல் ஜன்னல் வலையைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க அம்மிணி, ரோஜாப் பக்கம் இன்னொரு பாத்தி நடோணும்னு முதலாளி சொல்லீட்டாருங்க. இந்த வலையக் கழட்டிக் குடுத்துருங்க."

"ஜன்னல் திறந்து கிடக்குதுங்களே" என்றேன்.

"உங்க ஊட்டுக்குள்ள முள்ளம்பன்றியா வரப்போவுது?"

வராது என்றேன். வேறு யார் வருவார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானே ஆணியைப் பிடுங்கி வலையைக் கொடுத்தேன். கிழங்கெல்லாம் இப்போது பத்திரமாக இருக்கின்றன.

நம் ஊரிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால், உங்கள் பழைய சட்டை ஒன்று கொடுத்துவிடுங்கள். துவைக்காமலே கொடுங்கள். வாசல் கொடியில் தொங்கினால், உள்ளே ஆம்பளை இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

மேஸ்திரி கூப்பிடுகிறார்.

தனக்கொடி