கொட்டகையில் காத்திருந்த அம்புலன்ஸ்

அண்ணே,

இன்று காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க இறங்கியபோது அக்கரப்பத்தனைப் பக்கமிருந்து சைரன் சத்தம் வந்தது. தலவாக்கலைச் சந்தியில் நின்ற பஸ்கூடப் பின்னுக்குப் போய் வழிவிட்டது. நம் வண்டிதான். உள்ளே யாரோ ஓர் அம்மா உட்கார்ந்திருப்பது தெரிந்தது. படுத்திருந்தவரின் முகம் தெரியவில்லை. "நம்ம முதலாளி கொண்டாந்த வண்டி போகுது" என்று பாண் கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த அம்புலன்ஸை ஜப்பானிலிருந்து இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் நீங்கள். அது உங்கள் கடைக் கொட்டகையிலேயே நிற்க, த்ரீவீலரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் வழியிலேயே கண்ணை மூடியவரும் நீங்கள்.

போனவர்களைக் குறை சொல்லக் கூடாதாம். எனக்கு அந்த நல்ல பழக்கம் வரவில்லை. உயிரோடு இருந்தபோதும் உங்களோடு சண்டை போட்டேன், இப்போதும் போடுகிறேன். இப்போது நீங்கள் திருப்பிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

நம் சேவைக் கழகத்தில் என்னைச் சேர்த்ததே வெளிநாட்டுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். நீங்கள் ஹார்ட்வெயார் கடை முதலாளி, கழகத்தின் செயலாளர். கூட்டத்தில் அதிகம் பேச மாட்டீர்கள். ஆனால் மாணவர் பரிமாற்றத்தில் வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொள்ள யார் முன்வருகிறீர்கள் என்றால் முதல் கை உங்களுடையது. அந்த ஜப்பான் பெண்ணுக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்து, உறைப்பில் அவள் கண்ணீர் விட, அண்ணி சீனி டப்பாவோடு ஓடியது ஞாபகம் இருக்கிறதா? "வந்த புள்ளைய மொத நாளே அழ வச்சிட்டோமே டீச்சர்" என்று நீங்கள் அன்று முழுக்கப் புலம்பினீர்கள். நான் சிரித்தேன். உங்களுக்கு அது சிரிப்பாக இல்லை.

விருந்தினர் தேயிலைத் தோட்டத்துக்கு வரும் நாட்கள்தான் உங்களுக்கு ஆகாது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ரோட்டுப் பக்கத்துச் சுவருக்கு மட்டும் அவசரமாகச் சுண்ணாம்பு அடிப்பார்கள். லீவு நாளில் பெண்களைக் கூப்பிட்டு, நல்ல சேலை கட்டச் சொல்லி, முதுகில் கூடையை மாட்டி மலையில் நிறுத்துவார்கள். ஒருமுறை ஒரு விருந்தாளி டொபியை அள்ளி வீச, பிள்ளைகள் சேற்றில் விழுந்து பொறுக்க, கமராக்கள் சடசடவென்று அடித்தன. நம் கழகத் தலைவர் கைதட்டினார். நீங்கள் என் பக்கம் திரும்பி, "நம்ம புள்ளைங்களுக்குக் கோழிக்கு எறிஞ்ச மாதிரி எறியிறாங்க பாருங்க. இனி நாம எது வாங்குனாலும் மரியாதையா வாங்கணும் டீச்சர்" என்றீர்கள். அந்த வார்த்தையை அன்று நான் மெச்சினேன்.

அப்புறம்தான் அம்புலன்ஸ் பேச்சு வந்தது. அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் உங்கள் அம்மாவைக் கொழுந்து லொறியில், சாக்குகளுக்கு நடுவே கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதையை எனக்குச் சொல்லி, அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்றும் சொன்னீர்கள். "இரக்கப்பட்டுத் தர வேணாம். தேவைன்னு தந்தாப் போதும்." அப்படித்தான் எழுதினேன். ஜப்பானில் ஒரு சின்ன ஊரின் கழகம் பதில் போட்டது. அதன் தலைவி ஒரு வயதான அம்மா. அவர்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஓடிய வண்டியைப் பழுது பார்த்துக் கப்பலேற்றினார்கள். கொழும்புத் துறைமுகத்துக்கு நீங்கள் அலைந்த அலைச்சலில் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம் என்று அண்ணி திட்டினார். கடைசியில் வண்டி வந்தது. நம்பர் பலகை, ஒட்சிசன் சிலிண்டர், வெள்ளை மெத்தை எல்லாம் தயார். நீங்கள் சீமெந்து மூட்டைகளை வெளியேற்றி, கொட்டகையைக் கழுவி, அதை உள்ளே நிறுத்தினீர்கள். முன்பக்கம் சிவப்பு ரிப்பன் கட்டினீர்கள்.

அங்கேதான் வந்தது வினை. "குடுத்தவங்க வந்து, அவங்க கையால தொறந்து வச்சாத்தான் மரியாதை" என்றீர்கள். தலைவருக்கு அது தேன் குடித்த மாதிரி. அவருக்கு மேடை வேண்டும், மாலை வேண்டும், பத்திரிகையில் படம் வேண்டும். அவரை விடுங்கள், அவர் அப்படித்தான். நீங்கள் ஏன் அண்ணே?

அவர்கள் வருவதாக இருந்த வாரம் மண் சரிந்து ரோடு மூடியது. அடுத்து அந்த அம்மாவுக்கு முழங்கால் ஒப்பரேஷன் என்று தள்ளிப்போனது. தோட்டங்களிலிருந்து ஆள் வந்து கேட்டால், உங்கள் கடை லொறியை அனுப்பினீர்கள், கூடவே ஒரு போர்வையும். அம்புலன்ஸை மட்டும் தொட விடவில்லை. "ஓட்டத் தொடங்குங்க அண்ணே. அவங்க வந்தா இன்னொரு ரிப்பன் கட்டிக்கலாம். கடையில சுருள் சுருளா இருக்கே" என்று கத்தினேன். "டீச்சருக்கு எதுலயும் அவசரம்" என்று சிரித்துவிட்டு, ஈரத் துணியை எடுத்து வண்டியைத் துடைக்கப் போனீர்கள். தினமும் துடைத்தீர்கள். ஓடாத வண்டியில் என்ன தூசி இருந்ததோ.

நீங்கள் இல்லாமல்தான் அந்தத் திறப்பு விழா நடந்தது. கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் ஜப்பான் அம்மா வந்தார். மெலிந்த உடம்பு, கையில் ஊன்றுகோல். மேளம், ஆலாத்தி, பிள்ளைகள் கையில் இரண்டு நாட்டுக் கொடி, மேலே தூறல். மொழிபெயர்க்க நான் பக்கத்தில் நின்றேன். அவர் ரிப்பனைப் பார்த்தார், புதிதாக மின்னிய வண்டியைப் பார்த்தார். நிதானமான இங்கிலீஷில், இதுவரை எத்தனை நோயாளிகளை இது கொண்டுபோயிருக்கும் என்று புன்னகையோடு என்னிடம் கேட்டார்.

"இப்பதான் வந்திச்சின்னு சொல்லுங்க டீச்சர்" என்று தலைவர் என் காதில் முணுமுணுத்தார். நான் உள்ளதைச் சொன்னேன். ஒருவரையும் கொண்டுபோகவில்லை, அவர் வந்து திறப்பதற்காகக் காத்திருந்தது, இதைக் கேட்டு வாங்கிய மனிதர் அந்தக் காத்திருப்பிலேயே இறந்துபோனார் என்றேன். என் இங்கிலீஷில்தான் பிழை என்று முதலில் நினைத்தார் போல. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். அவர் வண்டியின் பின்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்காகவா? நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லையே. கப்பல் சேர்ந்த அன்றே இது ஓடத் தொடங்கியிருக்கும் என்று எங்கள் ஊரில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேனே" என்றார்.

கத்தரிக்கோலைத் தட்டில் வைத்து நீட்டினார்கள். அவர் தொடவில்லை. எழுந்து போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற அண்ணியின் முன் குனிந்தார். வெகுநேரம் நிமிரவேயில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அண்ணி அவர் தோளைப் பிடித்துத் தூக்கினார். ரிப்பனைத் தலைவரே வெட்டினார். படத்தில் நன்றாகச் சிரித்திருக்கிறார். மத்தியானம் கோழிப் புரியாணி. எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

இப்போது ஊரே உங்களைப் பெரிய மனுஷன் என்கிறது. நானும் தலையாட்டுகிறேன். நீங்கள் போன அந்தச் சாயங்காலம் கடையில் என்ன நடந்தது என்று எனக்கும் உங்கள் லொறி டிரைவருக்கும் மட்டும்தான் தெரியும். அண்ணியிடம்கூட நாங்கள் சொல்லவில்லை.

திறப்பு விழா அழைப்பிதழ் வாசகம் பார்க்க வந்திருந்தேன். நல்ல மழை. பேசிக்கொண்டிருந்த நீங்கள் கல்லா மேசையில் சாய்ந்தீர்கள். முகம் முழுக்க வேர்வை. கடை லொறி சாமான் இறக்க வட்டவளைக்குப் போய், மழையில் அங்கேயே நின்றுவிட்டது. டிரைவர் மட்டும் பஸ்ஸில் வந்திருந்தார். அவர் ஓடிவந்து, "மொதலாளி, சாவியக் குடுங்க. நம்ம அம்புலன்ஸயே எடுத்துர்றேன்" என்றார். சாவி உங்கள் இடுப்பில் இருந்தது. நீங்கள் அதைக் கையால் பொத்திக்கொண்டீர்கள். நான் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். அந்த நிலையிலும் உங்களுக்கு அவ்வளவு பலம். வாசலில் ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. மல்லுக்கட்ட நேரமில்லை. உங்களை அதில் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நானுஓயா வருவதற்குள் என் மடியில் எல்லாம் முடிந்துவிட்டது.

கடையை விட்டு இறங்கும்போது, கொட்டகைப் பக்கம் பார்த்து நீங்கள் சொன்னீர்கள்: "வேணாம் டீச்சர். நான் படுத்தா மெத்த அழுக்காயிரும். வர்றவங்க என்னா நெனப்பாங்க?"

அதைத்தான் இன்னும் சுமக்கிறேன். யார் உங்களுக்குள் அப்படி ஒரு எண்ணத்தைப் போட்டு வைத்தார்கள் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. அன்று நீங்கள் போட்டிருந்தது வெள்ளைச் சட்டை அண்ணே. அண்ணி தோய்த்து இஸ்திரி போட்டது. உங்கள் தலை என் மடியில் கிடந்தபோது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பொட்டு அழுக்குக்கூட இல்லை.