மூன்று கம்பம் தூரம்

காரிமங்கலம்,
18.01.2025

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. நான் இங்கே நலம். அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீ கோயமுத்தூரில் நர்ஸிங் படித்தபோது ஹாஸ்டலுக்கு எழுதினேன். அதற்குப் பிறகு இப்போதுதான் உனக்கு எழுதப் பேனா எடுக்கிறேன். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய். நானும் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னோம் என்று யோசனை வருகிறது. அதனால்தான் கடிதம்.

பொங்கல் வந்து போயிற்று. அம்மா இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை என்பதால் நாம் வைக்கவில்லை. எதிர் வீட்டு ரோஷன் பீ தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து களியும் கீரைக் குழம்பும் கொடுத்துவிட்டுப் போனார். சாப்பிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் மாட்டி, எதிரே நின்று கைகாலை ஆட்டி விளையாடுகிற அந்த வீடியோ கேம் பெட்டியை வாங்கி அனுப்பட்டுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். உங்கள் ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு அதை வைத்தே உடற்பயிற்சி கொடுக்கிறார்கள் என்றாய். வெளியே போகப் பிடிக்காவிட்டால் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் ஆடினால் போதும், சர்க்கரை குறையும் என்றாய். நானும் நாலு நாள் யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.

அதற்குக் கைவீச இடம் வேண்டும். நம் ஹாலில் அம்மாவின் கட்டில் இருக்கிறது. அதை எடுத்தால்தான் இடம் கிடைக்கும். இப்போதைக்கு எடுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். அப்புறம், முப்பத்திரண்டு வருஷம் கரண்ட் கம்பம் ஏறியவன் சொல்லக் கூடாதுதான், நம் தெருவில் சாயங்காலமானால் வோல்டேஜ் சரியாக வருவதில்லை. பெட்டி கெட்டுப்போனால் இங்கே யார் பார்ப்பார்கள்? அறுபத்து மூன்று வயது ஆள் டிவி முன்னால் நின்று குதிப்பதை ஜன்னல் வழியாக யாராவது பார்த்தால் தர்மனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள்.

நான் நடக்காமலும் இல்லை. காலையில் மொட்டை மாடியில் நடக்கிறேன். ரோஷன் பீ உன்னிடம் வேறு மாதிரி சொன்னதாகத் தெரிகிறது. நாள் முழுக்க மிஷினில் குனிந்திருப்பவருக்கு நம் மாடியில் நடப்பது எப்படித் தெரியும்? சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது. கொஞ்சம்தான்.

ஆகவே அந்தப் பணத்தில் உனக்கு நல்ல குளிர்ச்சட்டை ஒன்று வாங்கிக்கொள். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. நம் குலசாமி உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அன்புடன்,
அப்பா


காரிமங்கலம்,
09.02.2025

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. போன கடிதத்தில் பாதி பொய். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். டியூட்டி முடிந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது படி.

மொட்டை மாடியில் நான் ஒரு நாளும் நடக்கவில்லை. அம்மா இறந்த அக்டோபரிலிருந்து கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வாசலைத் தாண்டவில்லை. மூன்று மாத சராசரி சர்க்கரை ஒன்பதே முக்கால். போன வாரம் சந்தைக்குப் போனபோது இடது கால் செருப்பு எங்கேயோ கழன்றிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. தக்காளி விற்கிற அம்மா பார்த்துச் சொன்னதும்தான் குனிந்து பார்த்தேன். தர்மபுரி டாக்டரம்மா பாதத்தில் ஊசி மாதிரி ஒன்றை வைத்து வைத்துப் பார்த்தார். நாலு இடத்தில் உணர்ச்சி இல்லை. நான் சமாதானம் சொல்லிக்கொண்டே போனதைக் கேட்டுவிட்டு, “இப்ப நடக்க மாட்டேங்கறீங்க. இப்படியே இருந்தா, நடக்கணும்னு நீங்க நெனைக்கறப்ப கால் இருக்காதுங்க” என்றார்.

அதற்குப் பிறகுதான் இண்டூருக்குப் போனேன். என்னோடு லைன் வேலை பார்த்த மாது அங்கே இருக்கிறான், உனக்குத் தெரியும். அவன் மகன் பெங்களூரிலிருந்து அந்தப் பெட்டியை வாங்கி வந்து மாட்டிக் கொடுத்திருக்கிறான். வாங்குவதா வேண்டாமா என்று ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தேன்.

மாது ஒரு குச்சியை என் கையில் கொடுத்து, நழுவாமல் இருக்க மணிக்கட்டில் வாரை மாட்டிவிட்டான். நான் கையை வீசினால் டிவியில் இருக்கிற பொம்மையும் வீசுகிறது. முதலில் பந்து அடித்தோம். அப்புறம் குத்துச்சண்டை. மாதுவின் பொம்மையை நான் இரண்டு முறை கீழே தள்ளினேன். கால் மணி நேரத்தில் சட்டை நனைந்துவிட்டது. நான் சிரித்தேன் கண்ணு. என் சத்தம் எனக்கே புதிதாகக் கேட்டது. சரி, வாங்கிவிடலாம், கவிப்பிரியாவிடம் சொல்லிவிடலாம் என்று அந்த நிமிஷம் முடிவே செய்துவிட்டேன்.

நான் களைத்து உட்கார்ந்ததும் மாதுவின் வீட்டுக்காரி வெண்மதி சேலையைச் செருகிக்கொண்டு வந்து குச்சியை வாங்கினார். தினமும் இரண்டு பேரும் சேர்ந்து ஆடுவார்களாம். அது ஓடுகிற ஆட்டம். நின்ற இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் இரண்டு பொம்மைகளும் ஒரு காட்டுப் பாதையில் ஓடுகின்றன. மாது வேகமாக ஓடினான். வெண்மதிக்கு மூச்சு வாங்கியது. உடனே மாதுவின் பொம்மை அப்படியே நின்றுவிட்டது. அவன் காலைத் தூக்கிப் போட்டுப் பார்க்கிறான், அது அசையவில்லை. ஏன் என்று கேட்டேன். கூட வருகிற ஆள் பின்னால் தங்கிவிட்டால், அவர் வந்து சேரும்வரை முன்னால் இருப்பவரை அது போகவிடாதாம். அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்களாம்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போய் மோட்டார் ரூம் பக்கம் நின்றேன். மாது பின்னாலேயே வந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தான்.  ஏன் எழுந்து வந்தேன் என்று அவனிடம் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

அம்மாவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தோம், அம்மா ரோட்டின் பக்கமாக வந்ததால் வண்டி அவளை மட்டும் இடித்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். போலீஸிலும் அதையே சொன்னேன். உன் சித்தப்பாக்களிடமும் அதையேதான் சொன்னேன். அது அப்படி நடக்கவில்லை.

அன்றைக்குக் காலையில் தூறல் இருந்தது. அம்மாவுக்கு முட்டி வலி. இன்றைக்கு வேண்டாமே என்றாள். பத்து நாள் விடாமல் நடந்தால் முட்டி வலி தானாகப் போய்விடும், கிளம்பு என்று நான்தான் கிளப்பினேன். நீ அனுப்பிய கைக்கடிகாரத்தில் அந்த வாரம் முழுக்கத் தினமும் பத்தாயிரம் அடி வந்திருந்தது. ஒரு நாளும் விட்டுப்போகக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி. மொரப்பூர் ரோட்டில் ஏறியதும் நான் எட்டிப் போட்டு நடந்தேன். கொஞ்சம் மெதுவாகப் போங்களேன் என்று கேட்டாள். மெதுவாக நடந்தால் அது நடையே இல்லை என்றேன். அதற்கு அம்மா, “நீங்க போங்க. நான் மெதுவா வர்றேன்” என்றாள்.

நான் போனேன்.

எங்கள் இருவருக்கும் நடுவே மூன்று கம்பம் தூரம் இருந்திருக்கும். ரோட்டில் எனக்குத் தூரம் கம்பக் கணக்கில்தான் தெரியும். பின்னால் பெரிய சத்தம் கேட்டது. பால் வண்டியிலிருந்து கேன் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பாமல் இன்னும் நாலைந்து அடி நடந்தேன். கடிகாரத்தைக் கூடப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் திரும்பினேன். அவளை இடித்த வண்டி வயலுக்குள் இறங்கி நின்றிருந்தது. அம்மா ஓரமாகத்தான் வந்திருக்கிறாள். மண்ணில் அவள் செருப்புத் தடம் வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது. நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது. பேச்சு இல்லை.

நீ வந்து இறங்கிய அன்றைக்கு, அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாளா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். சொன்னாள். மேலே எழுதியிருக்கிறேனே, அதுதான்.

நான் அவள் பக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. இரண்டு பேரும் போயிருக்கலாம். சத்தம் கேட்டு அவளை இழுத்திருக்கலாம். முட்டி வலி என்றபோதே வீட்டிலேயே இருந்திருக்கலாம். ஒன்று மட்டும் உன்னைக் கேட்டுக்கொள்கிறேன். கடிகாரம் நீ அனுப்பியது என்று உன் மேல் பழி போட்டுக்கொள்ளாதே. அது எண்ணத்தான் செய்தது. நடந்தது என் கால்.

பெட்டியைப் பற்றி இப்போது முடிவு எதுவும் சொல்ல எனக்கு மனம் இல்லை. அது அப்படியே இருக்கட்டும்.

உன்னை ஏமாற்றிவிட்டேன் சாமி. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்க வேண்டும்.

அப்பா


காரிமங்கலம்,
16.03.2025

அன்பு மகள் கவிப்பிரியாவுக்கு,

என் கடிதம் போன மாதம் இருபத்தாறாம் தேதியே உன் கைக்கு வந்து சேர்ந்துவிட்டதாகத் தபால் ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னார்கள். அதற்குப் பிறகும் நீ ஒரு ஞாயிறும் தவறாமல் போன் செய்கிறாய். மாத்திரை போட்டாச்சா என்கிறாய். ஆச்சு என்கிறேன். சர்க்கரை எவ்வளவு என்கிறாய். சொல்கிறேன். சரி என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. முன்பெல்லாம் முகம் காட்டிப் பேசுவாய். இப்போது வெறும் குரல்தான். கோபப்படுவது நியாயம்தான். நீ ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அதுவும் நானாக ஆசைப்படக் கூடாதது.

இந்த மூன்று வாரத்தில் ஒன்று எனக்குப் புரிந்தது. ரோட்டைப் பார்த்துப் பயந்துதான் நடக்காமல் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயம் கொஞ்சம்தான். மிச்சம் வேறு. கால் மரத்துப்போனால் போகட்டும், சர்க்கரை ஏறினால் ஏறட்டும், அவளை விட்டுவிட்டு நடந்த காலுக்கு இது வேண்டியதுதான் என்று உள்ளுக்குள் ஒருவன் சொல்லிக்கொண்டே இருந்தான். போன வெள்ளிக்கிழமை காலில் ஒரு கொப்புளம். ரோஷன் பீ வந்து பார்த்துவிட்டு என்னைத் திட்டவில்லை. கொப்புளத்தைக் கழுவி, துணி சுற்றிவிட்டு, “அந்தப் புள்ளைக்கு அம்மாவும் இல்ல. நீங்களும் போயிட்டா அது இங்க யாரைப் பார்க்க வரும்?” என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. எனக்கு நானே கொடுத்துக்கொண்டிருந்த தண்டனையை வந்து அனுபவிக்கப் போகிறவள் நீ. அதை நான் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இதிலும் உன்னைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

கொப்புளம் ஆறி வருகிறது. டாக்டரம்மா பார்த்துவிட்டார். புண் முழுக்க ஆறும்வரை ரோட்டில் நடக்க வேண்டாம், வீட்டுக்குள் உட்கார்ந்தும் நின்றும் கையை வீசுகிற பயிற்சி எதுவானாலும் செய்யலாம் என்றார். வீடியோ கேம் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டு, தாராளமாக வாங்குங்கள், மூடின செருப்புப் போட்டுக்கொண்டு ஆடுங்கள் என்றார்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். இன்னமும் உனக்கு மனம் இருந்தால் அந்தப் பெட்டியை வாங்கி அனுப்பு. மனம் இல்லாவிட்டால் நான் தர்மபுரியில் விசாரித்து வாங்கிக்கொள்கிறேன், மாது வந்து மாட்டித் தருவான். அம்மாவின் கட்டிலை நேற்றுப் பின் அறைக்கு நகர்த்திவிட்டோம். மாதுவும் ரோஷன் பீயும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்தோம். கட்டில் இருந்த இடத்தில் தரை வேறு நிறத்தில் இருக்கிறது. அங்கே நிற்க இன்னும் கால் வரவில்லை. வந்துவிடும்.

நான் ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிஷம் ஆடினேன் என்பதை நீ அங்கிருந்தே உன் போனில் பார்க்கலாம் என்று மாது சொல்கிறான். பார். என்னோடு பேசப் பிடிக்காத நாளிலும் அதைப் பார். அப்பா இன்றைக்கு இருபது நிமிஷம் கையை வீசியிருக்கிறார் என்று தெரிந்தால் போதும். ஒரு நாள் அதில் ஒன்றுமே இல்லாவிட்டால் மட்டும் போன் செய்.

மன்னித்துவிடு என்று கேட்க வரவில்லை. அது அம்மா கொடுக்க வேண்டியது. நீ எவ்வளவு நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள், நான் இருக்கிறேன். இருக்க வேண்டியதைச் செய்கிறேன்.

நீ நலமாக இரு. மாப்பிள்ளையோடு சந்தோஷமாக இரு. உன் வயிற்றில் ஒரு பிள்ளை வரும்போது அம்மா போட்ட தாலாட்டை நீ மறந்திருந்தால் என்னைக் கேள், எனக்கு முழுக்கத் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கலாமா என்று இரண்டு நாளாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்த மூன்று ஞாயிற்றுக்கிழமையும் மாத்திரை போட்டாச்சா என்று மட்டும் கேட்டாய். முன்பு அதற்கு முன்னால் ஒரு வார்த்தை இருக்கும். இது கைக்கு வந்து சேர்கிற ஞாயிறே முடியாவிட்டால் பரவாயில்லை. என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு, ஒரே ஒரு தடவை, அப்பா என்று கூப்பிட்டுவிட்டுக் கேள்.

இப்படிக்கு,
தர்மன்