மேசைக் கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம், உன் முழங்கால் வலி தேவலையா? ஞாயிறு மதியம் ஒரு படம் பார்த்தேன். நடிகை ஒருத்தி வேஷத்தைக் கலைத்த பிறகும் கண்ணாடியில் அந்த வேஷம் அப்படியே உட்கார்ந்திருந்தது. பயப்படாதே, வெறும் படம்தான்.

போனில் வாடிக்கையாளர்களிடம் சிரித்த குரலில் பேசுவதற்காக, முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச எங்கள் ஆபீஸ் மேசை ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடி உண்டு. நேற்று பக்கத்து இருக்கைப் பெண் என் தோளைத் தட்டினாள்.

"அக்கா, போனை வச்சு பத்து நிமிஷமாச்சு. இன்னும் யாரப் பாத்துச் சிரிக்கிறீங்க?"

வாயை மூடினேன். கண்ணாடியில் இருந்தவள் சற்றுத் தாமதமாக மூடினாள்.

பீரோவில் நான் உம்மென்று இருக்கும் பாஸ்போர்ட் படம் கிடக்கும், அனுப்பி வை, கண்ணாடி ஓரத்தில் ஒட்டிக்கொள்கிறேன். அப்புறம், போனில் நான் ரொம்பச் சிரித்துப் பேசினால், "யாருடி நீ?" என்று அதட்டு. இடைவேளை முடிந்தது, மணி அடிக்கிறது.

உன் மகள்