ஏழாம் நம்பருக்கு அடியில் எண்ணெய்

கப்பலிலிருந்து,
1945 பிப்ரவரி 6

மரியாதைக்குரிய திருமதி டன்னட் அவர்களுக்கு,

நான் வில்ஃப் ஆர்மரோட். உங்கள் கணவர் ஐவர் சாரின் விமானத்துக்கு மெக்கானிக். கடற்படைத் தந்தியில் ‘காணவில்லை’ என்று போட்டிருப்பார்கள். நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். ஜனவரி 24 காலை, கப்பல் தளத்தை விட்டுக் கிளம்பியதுமே இன்ஜின் நின்றுபோய், எங்கள் கண்முன்னே கடலில் விழுந்தார். அவர் வெளியே வரவில்லை அம்மா.

அன்று அவர் ஓட்டியது மாற்று விமானம். அவருடைய ஏழாம் நம்பர் இங்கே பத்திரமாக இருக்கிறது. அதன் பக்கவாட்டில் உங்கள் மகள் பெயரைப் பெயின்டால் எழுதிவைத்திருந்தார். “கொஞ்சம் நேரா எழுதியிருக்கலாமே சார்” என்றேன் ஒருநாள். “என் பொண்ணும் அப்படித்தான்டா, ஒரு இடத்துல நிக்க மாட்டா” என்றார். உங்களிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

இப்படிக்கு,
வில்ஃப் ஆர்மரோட்


பெட்டோன், நியூசிலாந்து,
1945 மார்ச் 19

அன்புள்ள வில்ஃப்,

என் கடைசித் தம்பிக்கும் இருபது வயதுதான், உனக்கும் அவ்வளவுதான் இருக்கும். அதனால் நீ என்றே எழுதுகிறேன். திருமதி, அம்மா எல்லாம் வேண்டாம், எனிட் அக்கா என்று எழுது. உன் கடிதம் வரும்வரை அவருடைய சட்டைகளை வாரம் தவறாமல் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். படித்த அன்று நிறுத்திவிட்டேன். அழுது தீர்க்கவாவது விட்டாயே, நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று ஏன் வேறு விமானம்? ‘ஏழில் ஏறினால் எப்படியும் திரும்பிவிடுவேன்’ என்று எழுதிக்கொண்டே இருப்பாரே.

பழக் கேக் அனுப்பியிருக்கிறேன். சர்க்கரை ரேஷன்தான், இனிப்பு போதவில்லை என்று குறை சொல்லாதே.

அன்புடன்,
எனிட் அக்கா


கடலில்,
1945 மே 12

அன்புள்ள எனிட் அக்கா,

கேக் வந்தது. எட்டுப் பேர், ஒரே நிமிஷம், துணுக்குகூட மிச்சமில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று காலை ஏழாம் நம்பருக்கு அடியில் எண்ணெய் சொட்டியிருந்தது. இன்ஜினில் ஒழுக்கு, பறக்கக் கூடாது என்று நான்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெக்கானிக் சரி என்று சொல்லாமல் எந்த பைலட்டும் ஏற முடியாது. “இன்னைக்குன்னு பாத்தா மக்கர் பண்ணணும்?” என்று திட்டிக்கொண்டே சார் மாற்று விமானத்துக்கு ஓடினார்.

மூன்று நாள் முன்பு ஒரு ஜப்பானியத் தற்கொலை விமானம் எங்கள் தளத்திலேயே வந்து மோதியது. தளம் மூன்று அங்குல இரும்பு, தாங்கிக்கொண்டது. நார்வே பனியில் விறைத்து, திருகோணமலை வெயிலில் வெந்த கப்பல், இப்போது தீயையும் பார்த்துவிட்டது. நாங்கள் கிளம்பியபோது பதினெட்டு கோர்சேர் விமானங்கள். இப்போது இருப்பதெல்லாம் புதுசு. பழையதில் மிச்சம் ஏழாம் நம்பர் ஒன்றுதான். தீப்பிடித்தபோது அது விமானங்களை இறக்கும் லிஃப்ட்டில் தளத்துக்குக் கீழே இறங்கியிருந்தது.

அன்புடன்,
வில்ஃப்


பெட்டோன்,
1945 செப்டம்பர் 3

அன்புள்ள வில்ஃப்,

சண்டை முடிந்துவிட்டது. தெருவெல்லாம் ஒரே ஆட்டம். நான் உள்ளே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஏழாம் நம்பரை நீ நிறுத்தியதை நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஒழுகுகிற இன்ஜினில் ஏற்றிவிட்டிருந்தால்தான் தப்பு. நீ உன் வேலையைச் சரியாகச் செய்தாய். அதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கமே வருகிறது.

நவம்பர் கடைசியில் உங்கள் கப்பல் வெலிங்டன் வருகிறதாமே! ஏழும் வருமா? நோலீனை அந்த இருக்கையில் ஐந்து நிமிஷம் உட்கார வை. அவர் போகும்போது இவளுக்கு ஒரு வயது, அப்பா முகமே தெரியாது. அவர் கையால் எழுதின தன் பெயரைத் தொட்டாவது பார்க்கட்டும். “எப்பம்மா? நாளைக்கா?” என்று காலையிலேயே நச்சரிப்பு.

அன்புடன்,
எனிட் அக்கா


சிட்னி,
1945 நவம்பர் 10

எனிட் அக்கா,

நேற்று ஏழாம் நம்பரைக் கடலில் தள்ளிவிட்டோம்.

இவை அமெரிக்காவிடம் இரவல் வாங்கிய விமானங்கள். சண்டை முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும் என்று ஒப்பந்தம். அவர்களுக்கு வேண்டாமாம். “வெலிங்டன் வரைக்குமாவது வச்சுக்கலாம் சார்” என்று அதிகாரியிடம் கெஞ்சினேன். பெயர் எழுதின தகட்டையாவது வெட்டி எடுக்கிறேன் என்றேன். “ஒரு திருகாணி எடுக்கக் கூடாது. தள்ளுறியா, உன்னையும் சேத்துத் தள்ளவா?” என்றார். தள்ளினேன் அக்கா. பெயர் எழுதின பக்கம் மேலே தெரிய, கொஞ்ச நேரம் மிதந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. ஒழுக்கே இல்லை. அன்று மாலை இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தேன். குழாயெல்லாம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. காலையில் கப்பல் ஆட்டத்தில் நான் ஊற்றும்போது சிந்தின எண்ணெய்தான் மூடிக்குள்ளே வழிந்து, தேங்கிச் சொட்டியிருக்கிறது. ஊற்றி முடித்ததும் துணியால் ஒரு துடை துடைத்திருந்தால் சார் ஏழில்தான் போயிருப்பார். பயத்தில் ‘ஒழுக்கு அடைக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்கப்புறம் ஏழாம் நம்பர் நாற்பது தடவை போய், நாற்பது தடவையும் திரும்பி வந்தது.

நான் சரியாகச் செய்தேன் என்று எழுதினீர்களே, அந்தக் கடிதத்தை மறுபடி பிரிக்கவே முடியவில்லை.

வில்ஃப்


பெட்டோன்,
1945 நவம்பர் 20

திரு. ஆர்மரோட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

எண்ணெய் யார் கையிலும் வழியும். அதை எப்படியோ விழுங்கிவிடுவேன். ஆனால் மார்ச்சிலேயே நான் கேட்டேன். விமானம் கடலுக்குப் போகும்வரை வாய் திறக்கவில்லை நீங்கள். ‘சரியாகச் செய்தாய்’ என்று என்னையே எழுத வைத்தீர்கள். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

ஐவர் இருந்திருந்தால் “போடா மடையா” என்று முதுகில் ஒன்று வைத்துவிட்டு மறந்திருப்பார். நான் ஐவர் இல்லை.

இங்கே வர வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம். கப்பல் வேறு ஊருக்குப் போய்விட்டது என்று நோலீனிடம் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து வெலிங்டன் துறைமுகம் முழுக்கத் தெரியும். உங்கள் கப்பல் அங்கே நிற்கிற நான்கு நாளும் திரையை மூடியே வைத்திருப்பேன்.

திருமதி ஐவர் டன்னட்